கல் பார்க்க வந்த பஸ்

கம்பெனியில் லீவு வேண்டுமென்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். உண்மையான காரணத்தைச் சொல்லி லீவு வாங்கிய ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் திருமலையின் மாமனார் பல தடவை செத்திருக்கிறார். போன பொங்கலுக்குக்கூட அந்த மனுஷன் பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து எங்களோடு டீ குடித்தார். நாங்களும் மரியாதையாக பிஸ்கட் வாங்கிக் கொடுத்தோம். எங்கள் சூப்பர்வைசர் பரசுராமன் சாரே மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹெர்னியா ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டு, விட்டு விட்டு ரொம்ப நாள் வராமல் இருந்தார்.

எனக்கு லீவு தேவைப்பட்டபோது நான் சொன்ன காரணம் கல்.

“கங்காவுக்கு கிட்னில கல்லு சார். எடுத்தாவணும்னு சொல்லிட்டாங்க.”

“எந்த ஆஸ்பத்திரி?”

காஞ்சிபுரம் ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் பேரைச் சொன்னேன். சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அங்கயா? கல்லா?”

“ஆமா சார்.”

மறுபடியும் பார்த்தார். “சரி, போ. உடம்பைப் பார்த்துக்கோ சுப்பா” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். உடம்பு சரியில்லாதது கங்காவுக்கு, என்னை ஏன் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கல் என்று சொன்னது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பதும் தோன்றவில்லை. ஒரகடத்தில் நாங்கள் செய்வது கார் சீட். லைன் ஓடும்போது பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், மாற்றாள் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும், பிறகுதான் போகலாம். மாற்றாள் வருவதற்குள் போக வேண்டிய அவசியமே தீர்ந்துபோய்விடும், ஒன்று அப்படி, அல்லது இப்படி. அதனால் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் எல்லோருக்கும் கல். கல்லில் எங்கள் லைனை மிஞ்ச ஆள் கிடையாது. திருமலை தன் கல்லை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு சட்டைப்பையில் வைத்திருக்கிறான். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் சேஃப்டி ஷூ கொடுப்பார்கள், இரண்டாவது நாள் திருமலை கல்லைக் காட்டுவான்.

“கடுகு இல்ல மாமே, மொளகு. நல்லா பாரு” என்பான்.

இவ்வளவு நிபுணர்கள் இருக்கும் இடத்தில் போய்தான் நான் கல் என்று சொன்னேன்.

உண்மை வேறு. எங்களுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. கடைசியில் இந்த ஆஸ்பத்திரி மாடியில் உள்ள சென்டருக்குப் போனோம். கங்காவுக்கு தினமும் சாயங்காலம் வயிற்றில் ஊசி. போட வேண்டியது நான். நான் டார்க் கன் பிடித்து சீட்டுக்கு போல்ட் முடுக்குகிறவன். சரியாக முடுக்கினால் அது ‘டிக்’கென்று சத்தம் கொடுக்கும், அப்போதுதான் கையை எடுக்க வேண்டும். முதல் நாள் ஊசியைக் குத்திவிட்டு நான் பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“இன்னாத்துக்குய்யா புடிச்சிக்கினே கீற?” என்றாள் கங்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“சத்தம் வரட்டும்னு.”

“நான் கத்துனா போதுமா, வேற சத்தம் வேணுமா?”

போன தடவை ஊசியெல்லாம் போட்டும் கருமுட்டை சரியாக வளரவில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவை நன்றாக வளர்ந்திருந்தது. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். கடைசி ஊசி போட்ட பிறகு, சொன்ன காலையில் வந்துவிட வேண்டும். தாமதித்தால் முட்டைகள் தாமாகவே வெளியேறிவிடும், அப்புறம் எடுக்க ஒன்றும் இருக்காது. மயக்கம் கொடுத்து எடுப்பதால் முந்தின ராத்திரியிலிருந்து கங்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் மயக்கம் கொடுக்க முடியாது. அன்றைக்கே நானும் என் பங்கை ஒரு கப்பில் கொடுக்க வேண்டும். இன்னொரு தடவை இவ்வளவு ஊசியைத் தாங்க கங்காவுக்கும் தெம்பில்லை, எனக்கும் இல்லை.

“யாருக்கும் தெரியக் கூடாது” என்று கங்கா சத்தியம் வாங்கியிருந்தாள். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் கேண்டீனில் காய் நறுக்கும் கிளியம்மாள் அக்காவின் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தது. கங்கா போயிருந்தாள். வளையல் போட வரிசையில் நின்றவளை, யாரோ ஒரு உறவுக்காரப் பொம்பளை, “நீ இரும்மா, அவங்க போடட்டும்” என்று நைசாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். கங்கா சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். “வயித்துல தங்கட்டும், அப்புறம் ஊரையே கூட்டிச் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் மூச்சு வுடாத” என்றாள்.

நான் மூச்சு விடவில்லை. கல்லைத்தான் விட்டேன்.

அன்று காலை சுங்குவார்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்து நேரத்தோடு போய்விட்டோம். கங்காவுக்குப் பச்சை கவுன் மாட்டிவிட்டார்கள். கண்ணாடி வளையலையெல்லாம் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் காய்ந்துபோயிருந்தது. கூப்பிட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று நர்ஸ் மெர்சி சொல்லிவிட்டுப் போனார்.

அப்போது கீழே ஒரு ஹாரன் கேட்டது. அந்த ஹாரன் எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் கம்பெனி பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வாலாஜாபாத் வழியாக காஞ்சிபுரத்துக்கு ஆள் இறக்கப் போகிற பஸ். அதிலிருந்து பாதி ஷிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் லைனில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்ப்பது வழக்கம். ஹார்லிக்ஸ், பிரெட், ஆப்பிள் வாங்கிக்கொண்டு போவோம். நானே எத்தனையோ பேரைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

“கங்கா, லைன் வருது” என்றேன்.

“எந்த லைன்?”

“நம்ம லைன்.”

அவள் எழுந்து தியேட்டருக்குள் ஓடப் பார்த்தாள். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

படிக்கட்டில் சேஃப்டி ஷூ சத்தம் ஏறி வந்தது. முன்னால் திருமலை. “மாமே! வாட்ச்மேன் வுடமாட்டேன்னான். ரத்தம் குடுக்க வந்துக்கீறோம்னு சொன்னேன், சல்யூட் அடிச்சு அனுப்பிட்டான்!” அவனுக்குப் பின்னால் பத்திருபது பேர், கையில் பிரெட் பாக்கெட். கடைசியில், மூச்சு வாங்க, ஒரு எவர்சில்வர் தூக்கோடு கிளியம்மாள் அக்கா.

“பஸ்ஸை எப்படிறா இங்க வுட்டாங்க?” என்றேன்.

“டிரைவர் ஆபீசுக்கு போன் போட்டு பஞ்சர்னு சொல்லிட்டாரு. பரசு சார்தான் வேணாம் வேணாம்னு அடம் புடிச்சாரு. இப்பகூட பஸ்ஸை வுட்டு எறங்கல. ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்காதாம்.”

எல்லோரும் கங்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். பிறகு மெதுவாகச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சுவர் முழுக்கக் குழந்தைப் படம். தவழுகிற குழந்தை, சிரிக்கிற குழந்தை, பூசணிக்காய் மேல் உட்கார்ந்திருக்கிற குழந்தை.

“கல்லு எடுக்கற எடத்துல இன்னாத்துக்குடா இத்தினி கொயந்தை படம்?” என்றான் திருமலை.

“கல்லு போச்சுன்னா கொழந்தை மாதிரி தூக்கம் வரும்னு காட்டறாங்க” என்றேன்.

திருமலை தலையாட்டினான். “கரெக்ட்டு. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு.”

அதற்குள் கிளியம்மாள் அக்கா தூக்கைத் திறந்துவிட்டார். உள்ளே வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு, வாழைத்தண்டு ஜூஸ். நேற்று கேண்டீனில் வாழைத்தண்டு கூட்டாம். அதில் பாதியை ஒதுக்கி, சட்னி அரைக்கிற மிக்ஸியில் அடித்து எடுத்து வந்திருக்கிறார். டம்ளரில் ஊற்றி கங்காவின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார்.

“குடி கண்ணு. கத்தி வெக்கறதுக்கு முந்தி ஒரு டம்ளரு உள்ள போனா, கல்லு பாதி தானா கரைஞ்சிடும். அப்புறம் அவனுங்களுக்கு இன்னா வேல?”

“வேணாங்க்கா, ஒண்ணும் குடிக்கக் கூடாதுன்னாங்க.”

“அவங்க சொல்றது சோத்துக்கு. இது மருந்து.”

“தண்ணிகூடக் கூடாதுக்கா.”

“தண்ணி குடிக்காமத்தானேம்மா கல்லே வந்துது!”

டம்ளர் கங்காவின் உதட்டைத் தொட்டுவிட்டது. தாகத்தில் அவள் கண் அந்த டம்ளருக்குள்ளேயே போய்விட்டதை நான் பார்த்தேன். எட்டிப் பிடுங்கி, ஒரே மடக்கில் நான் குடித்துவிட்டேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்கும் கல்லு” என்றேன்.

“ரெண்டு பேருக்குமா? பாவம்டா!” என்ற அக்கா, அடுத்த டம்ளரை ஊற்றி கங்காவிடம் நீட்டினார். அதையும் பிடுங்கிக் குடித்தேன்.

“எனக்கு பெரிய கல்லுக்கா.”

“எத்தினி எம்எம்?” என்றான் திருமலை, சிமிழைத் தொட்டபடி.

“கோலிகுண்டு.”

திருமலையின் முகம் விழுந்துவிட்டது. அக்கா விடாமல் ஊற்ற, நான் விடாமல் குடித்தேன். அது வாழைத்தண்டு. உப்பு கிடையாது. கழுவிவிட்ட கயிறு மாதிரி ஒரு ருசி. வயிறு தவில் போல ஆன பிறகுதான் நர்ஸ் மெர்சி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“கங்கா ஹஸ்பண்ட் யாரு? வாங்க, உங்க சாம்பிள் குடுக்கணும்” என்று ஒரு கப்பை என் கையில் வைத்தார்.

“யூரின் டெஸ்ட்டா சிஸ்டர்?” என்றான் திருமலை. “இவனுக்கும் கல்லு, கோலிகுண்டு சைஸு.”

மெர்சி என்னைப் பார்த்தார். நான் கண்ணால் கெஞ்சினேன். அவர் வராந்தா கடைசியில் இருந்த அறையைக் கைகாட்டிவிட்டுத் திரும்பப் போய்விட்டார். வளையலை அக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

சின்ன அறை. ஒரு சோபா, ஒரு வாஷ்பேசின், ஒட்டினாற்போல் கக்கூஸ். சுவரில் ‘பதற்றம் வேண்டாம்’ என்று ஒரு போர்டு. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன். பதற்றம் கூடியது. முதலில் கக்கூஸ் போனேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் போனேன். வாழைத்தண்டின் வேலை அது. வந்த காரியத்தை நினைக்கவே விடவில்லை. நினைக்க ஆரம்பித்தால் கக்கூஸ், கக்கூஸ் போனால் மறதி.

கதவு தட்டப்பட்டது.

“மாமே, வர்லயா?” திருமலைதான்.

“போடா அந்தாண்ட!”

“கொழாயைத் தொறந்து வுடு. தண்ணி சத்தம் கேட்டா தானா வரும்.”

இன்னொரு குரல், “விசில் அடிக்கச் சொல்லுடா” என்றது. இன்னொருவன் விசிலே அடிக்க ஆரம்பித்தான். மாடுகளுக்கு அடிப்பது போல, நீளமாக.

நான் கப்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் எவ்வளவோ ஓடி ஓடி வேலை பார்த்தவன். ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை சீட் கேட்டாலும் முடுக்கிக் கொடுத்தவன். இந்த ஒரு கப்புக்கு வந்து நிற்கிறேனே என்று அழுகையாக வந்தது. கொடுக்க முடியாவிட்டால் கங்கா போட்டுக்கொண்ட ஊசியெல்லாம்? அவள் வயிற்றில் கன்றிப்போன நீலமெல்லாம்?

விசில் நின்றது. அந்த அமைதியில், வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து கிளியம்மாள் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

“அந்த பேமானி போயிட்டான். எல்லாத்தையும் அவனே குடிச்சா கல்லு உனக்கு எப்படிம்மா கரையும்? இந்தா, கடைசி டம்ளரு. கண்ணை மூடிக்கோ, நான் ஊத்தறேன்.”

நான் எழுந்து ஓடினேன். கதவைத் திறந்த வேகத்தில் திருமலை சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“ஊத்தாதக்கா! ஊத்தாத! கல்லு இல்லக்கா, கொழந்தை! கொழந்தைக்கு வந்துக்கீறோம்! குடிச்சா எல்லாம் போச்சு!”

வராந்தா அப்படியே நின்றுவிட்டது. டம்ளர் கங்காவின் வாய்க்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. நான் கையில் காலி கப்போடு, வியர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். கங்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவள் வாங்கிய சத்தியம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. பத்திருபது பேர் பார்க்க.

கிளியம்மாள் அக்கா டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். சுவரில் பூசணிக்காய் மேல் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்தார். கங்காவைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, முதுகில் ஒரு அறை வைத்தார்.

“ஏன்டா சோமாறி, என்னாண்ட சொல்றதுக்கு இன்னா? அறியாத்தனமா இந்தப் பொண்ணு வாயில நான் ஊத்தியிருந்தா, இந்தப் பாவத்தை நான் எந்தக் கொளத்துல போய்க் கழுவறது?”

“நான்தாங்க்கா சொல்ல வேணாம்னேன்” என்றாள் கங்கா, கையை எடுக்காமலே. “அன்னிக்கு உங்க வூட்டு வளைகாப்புல…”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அக்காவுக்கு அது தெரிந்திருந்ததா, அப்போதுதான் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் கையிலிருந்த கங்காவின் வளையல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அப்ப கல்லே இல்லியா?” என்றான் திருமலை.

அந்த நேரம் படியில் பரசுராமன் சார் தடதடவென்று ஏறி வந்தார். “பஸ்ஸுல பாதிப் பேரு தூங்கறான், எத்தினி நேரம்யா பாப்பீங்க” என்று கத்திக்கொண்டே வந்தவர், என்னையும் என் கையில் இருந்த கப்பையும் பார்த்துவிட்டு நின்றார். தியேட்டர் கதவு திறந்தது. மெர்சி வெளியே வந்தார்.

“அட, பரசுராமன் சார்! எவ்ளோ நாளாச்சு! பாப்பா எப்படி இருக்கா? நடக்கறாளா?”

சார் திரும்பிப் படி இறங்கப் பார்த்தார். முடியவில்லை, படி முழுக்க எங்கள் ஆட்கள்.

திருமலைக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு முகம் முழுக்க வெளிச்சம். “சார்… உங்க ஹெர்னியாவுக்கு இப்ப ரெண்டு வயசா?”

வராந்தாவே சிரித்தது. கங்காகூட விரல் இடுக்கு வழியாகச் சிரித்தாள். சாரின் காது சிவந்துவிட்டது. ஆனால் லைன் நின்றுபோனால் என்ன செய்வாரோ அதைத்தான் அவர் செய்தார். கையைத் தூக்கினார்.

“போதும்! எல்லாம் கீழ எறங்கு! ஒருத்தனும் இந்த மாடில நிக்கக் கூடாது! சிஸ்டர், அவங்களை உள்ள இட்டுனு போங்க.” பிறகு என் தோளில் கை போட்டு, குரலைத் தணித்தார். “டேய், நானும் அந்த ரூமுல உக்காந்து அழுதிருக்கேன். அந்த போர்டைப் படிக்காத. அதைப் படிச்சா வராது.”

அவ்வளவுதான் சொன்னார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த டிரெய்னிங்கிலேயே உருப்படியானது அதுதான்.

கங்காவை உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது திரும்பி, “யோவ், சத்தம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்காத” என்றாள். அவள் சிரித்தது எனக்குப் போதுமாக இருந்தது. அறைக்குள் போய், போர்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். விசில் இல்லை, கதவு தட்டல் இல்லை, மறைக்க ஒரு பொய்யும் பாக்கி இல்லை. கக்கூஸ் போக வேண்டியதும் தீர்ந்திருந்தது. மீதியை எழுத வேண்டியதில்லை.

எங்கள் லைனில் ஒரு பழக்கம் உண்டு. புது மாடல் போடும்போது முதல் சீட்டை செக் பண்ணி ‘ஓகே’ சொல்லிவிட்டால், எல்லோரும் கை தட்டுவோம். மெர்சி கப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, லேபுக்குப் போகும் வழியில், மாடிப்படி முனையில் நின்றிருந்த பரசுராமன் சாரிடம், “ஓகே சார்” என்று சொல்லியிருக்கிறார். சார் பழக்க தோஷத்தில் கீழே பார்த்து, “ஓகே!” என்று கட்டை விரலைத் தூக்கிவிட்டார்.

கீழே மொத்த ஷிஃப்ட்டும் கை தட்டியது. கூட நின்றிருந்த வாட்ச்மேனும் தட்டினார். ரத்தம் கொடுத்ததற்கு என்று நினைத்திருப்பார். நான் அந்த அறையை விட்டு வெளியே வரவே ரொம்ப நேரம் ஆனது.

பஸ் போய்விட்டது. இன்னொரு தடவை பஞ்சர் ஆக முடியாதல்லவா. கிளியம்மாள் அக்கா மட்டும் போகவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில், முந்தானையில் வளையல்களை முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நைட் ஷிஃப்ட் பார்த்த உடம்பு, தலை தொங்கித் தொங்கி விழுந்தது. ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்துகொண்டார்.

டாக்டரம்மா வந்தார். நல்லபடியாக எடுத்தாகிவிட்டது, ஏழு முட்டை, பார்க்க நன்றாக இருக்கின்றன என்றார். இனிமேல் லேபில் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும், எத்தனை வளருமோ பிறகுதான் தெரியும் என்றார். நான் கும்பிட்டேன். அக்கா எனக்கு முன்னால் கும்பிட்டார்.

கங்கா கண் விழித்தபோது அரை மயக்கத்தில் கேட்டாள். “இன்னாய்யா, யாரோ கை தட்டினாங்களே?”

“நம்ம ஆளுங்கதான்.”

“எனக்கா?”

“ஆமா, உனக்குத்தான்” என்றேன். அன்றைக்குச் சொன்ன பொய்களில் அதுதான் கடைசி.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கங்காவின் கையைப் பிடித்து, ஊசி ஏற்றியிருந்த இடத்தில் படாமல், ஒவ்வொரு வளையலாகப் போட்டுவிட்டார். “அன்னிக்கு நான் உள்ள சோத்துப் பானையாண்ட இருந்தேன். கண்ணால பாத்திருந்தா அவ கையை ஒடைச்சிருப்பேன்” என்றார். கங்கா அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அக்கா மெர்சியிடம் திரும்பி, ரொம்பப் பவ்வியமாகக் கேட்டார்.

“சிஸ்டர், இப்ப குடிக்கலாமா?”

“கொஞ்சம் கொஞ்சமா எது வேணா குடிக்கலாம்.”

பெஞ்சுக்கு அடியில் இருந்து தூக்கு வெளியே வந்தது. அந்தக் கடைசி டம்ளர் அதில் பத்திரமாக இருந்தது. முந்தின ராத்திரியிலிருந்து காய்ந்திருந்த உதட்டில் டம்ளரை வைத்து, கங்கா ஒரு மடக்கு குடித்தாள். கண்ணை மூடினாள். அக்கா ஆசையாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி கீது கண்ணு?”

கங்கா கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்தாள்.

“இதையாய்யா தூக்கு நெறைய குடிச்ச?”